பரங்கிமலைக்கு 160 படி, அடையாற்றுக்கு முதல் பாலம்... சொந்தக் காசில் கட்டிக்கொடுத்த இந்த வெளிநாட்டு வியாபாரி யார்?

சைதாப்பேட்டையில் அடையாற்றுப் பாலத்தை தினமும் லட்சக்கணக்கான பேர் தாண்டிப் போறாங்க. பாலத்தோட முனையில ஒரு பழைய கல்வெட்டு இருக்கு. அதை நின்று பார்க்கிறவங்க ரொம்பக் குறைவு. பார்த்தாலும் படிக்க முடியாது. காரணம், அதில் இருப்பது பாரசீகம், ஆர்மீனியம், லத்தீன் ஆகிய மூன்று மொழிகள். தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை.

அந்தக் கல்லில் இருக்கும் பெயருக்குச் சொந்தக்காரர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். பரங்கிமலை உச்சியில் இருக்கும் பழமையான தேவாலயத்துக்கு மக்கள் போய் வர வேண்டும் என்பதற்காகவே ஆற்றுக்குப் பாலமும் மலைக்குப் படியும் கட்டியவர்.

எங்கிருந்து வந்தார்?

உஸ்கான் பிறந்தது 1680 வாக்கில், இன்றைய ஈரானில் இருக்கும் ஜூல்ஃபாவில். அது ஆர்மீனியர்களின் ஊர். 1600களின் தொடக்கத்தில் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ், ஆர்மீனிய மக்களை அவர்கள் சொந்த ஊரிலிருந்து கிளப்பி, தன் தலைநகரமான இஸ்ஃபஹான் பக்கத்தில் குடியேற்றினார். பட்டு வியாபாரத்தில் அவர்கள் கெட்டிக்காரர்கள் என்பதுதான் காரணம். வந்தவர்கள் பழைய ஊரின் பெயரையே புது ஊருக்கும் வைத்தார்கள். அங்கே அவர்கள் எழுப்பிய வாங்க் தேவாலயத்தின் வண்ண ஓடுகளையும் சுவர் முழுக்க இருக்கும் ஓவியங்களையும் பார்க்க இன்றைக்கும் கூட்டம் போகிறது.

அந்த ஊர்ப் பிள்ளைகள் வியாபாரத்துக்காக உலகம் பூரா பரவினார்கள். உஸ்கானும் அப்படித்தான். பிலிப்பைன்ஸின் மணிலா வரை அவருக்கு வியாபாரம் இருந்தது. 1720களில் மெட்ராஸில் நிலையாகத் தங்கிவிட்டார். கொஞ்ச காலத்திலேயே ஊரின் பெரிய பணக்காரர்களில் ஒருவர் ஆனார். 'கோஜா' என்பது பெரிய வியாபாரிகளுக்கு மரியாதையாகச் சேர்த்துச் சொல்லும் பட்டம்.

மெட்ராஸ் ஆர்மீனியர்களில் பெரும்பாலோர் தங்கள் சொந்த ஆர்மீனியத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். உஸ்கான் கத்தோலிக்கர். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் பின்னால் வரும் கதைக்கு முக்கியம்.

மலையும் ஆறும்

இயேசுவின் சீடர் தோமா கி.பி. 72ல் பரங்கிமலையில் கொல்லப்பட்டார் என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்கள் மலை உச்சியில் தேவாலயம் கட்டினார்கள். 1547ல் அங்கே தோண்டும்போது பஹ்லவி எழுத்து பொறித்த கல் சிலுவை ஒன்று கிடைத்தது. பஹ்லவி என்பது பழைய பாரசீகத்தின் ஒரு வடிவம். அந்த எழுத்தை வைத்துப் பார்த்தால், போர்ச்சுகீசியர்கள் வருவதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே இந்தப் பக்கம் கிறிஸ்தவர்கள் இருந்திருக்கிறார்கள். பாரசீகத்தில் பிறந்த ஒருவருக்கு அந்தச் சிலுவை மேல் தனிப் பிடிப்பு இருந்திருந்தால் ஆச்சரியம் இல்லை.

ஆனால் கோட்டைப் பக்கமிருந்து மலைக்குப் போக அடையாற்றைத் தாண்ட வேண்டும். மழைக்காலத்தில் ஆறு பெருகினால் அவ்வளவுதான், இந்தப் பக்கமே நிற்க வேண்டியதுதான். பெரியபாளையத்தில் ஆடி மாசம் வேப்பஞ்சேலை கட்டி பவானி அம்மனைக் கும்பிட வருபவர்களுக்குத் தெரியும், வேண்டுதல் என்று வந்துவிட்டால் மழை, வெயில் பார்த்துக் கிளம்ப முடியாது. 300 வருஷத்துக்கு முன்னால் பரங்கிமலைக்குப் போனவர்களின் கஷ்டமும் இதேதான்.

1726ல் உஸ்கான் பாலத்தைக் கட்டினார். செலவு 30,000 வராகன். வராகன் என்றால் தங்கக் காசு. அத்தனையும் அவர் பணம். அதோடு விடாமல், பாலத்தைப் பராமரிக்கத் தனியாக 1,500 வராகன் ஒதுக்கி வைத்தார். கட்டியதும் ரிப்பன் வெட்டிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். பராமரிப்புக்கும் சேர்த்துப் பணம் வைத்தவர் இவர்! மலையில் ஏறுவதற்கு 160 கல் படிகளும் அவர் செலவுதான்.

அந்தப் பாலத்துக்கு 'மர்மலாங் பாலம்' என்று பெயர். மாம்பலம் என்பது ஆங்கிலேயர் வாயில் அப்படி ஆகிவிட்டது. பழைய பாலம் இப்போது இல்லை. அதே இடத்தில் பின்னாளில் வந்ததுதான் மறைமலையடிகள் பாலம். தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியவரின் பெயரைத் தாங்கும் பாலத்துக்குப் பக்கத்தில் பாரசீகக் கல்வெட்டு நிற்பதைப் பார்க்க ஒரு மாதிரி வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

எல்லாம் போன வருஷம்

1746 செப்டம்பரில் பிரெஞ்சுப் படை மெட்ராஸைப் பிடித்தது. ராபர்ட் கிளைவே அப்போது சிறைப்பட்டு, பின் தப்பி ஓடினார். உஸ்கானின் சொத்துகளைப் பிரெஞ்சுக்காரர்கள் பறிமுதல் செய்தார்கள். தங்கள் பக்கம் வந்தால் திருப்பித் தருவதாக அவர்கள் முன்வந்தும் அவர் மசியவில்லை. டேனிஷ்காரர்கள் கையில் இருந்த தரங்கம்பாடியில் போய்த் தங்கினார்.

இதில் யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் அவரைப் போலவே கத்தோலிக்கர்கள். ஆங்கிலேயர்களோ கத்தோலிக்கர்களைச் சந்தேகத்தோடு பார்த்தவர்கள். மதத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் அவர் போயிருக்க வேண்டிய பக்கமே வேறு. வயதும் அறுபதைத் தாண்டிவிட்டது. வாழ்நாள் சம்பாத்தியம் ஒரு கையெழுத்தில் திரும்பியிருக்கும்.

1749ல் ஒப்பந்தப்படி மெட்ராஸ் மறுபடியும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. பிரெஞ்சுக்காரர்களுக்கு உதவினார்கள் என்ற சந்தேகத்தில் கத்தோலிக்கர்கள் மீதும் ஆர்மீனியர்கள் மீதும் கம்பெனி நடவடிக்கை எடுத்தது. கோட்டைக்குள் இருந்த வெள்ளையர் பகுதியிலிருந்து அவர்களை வெளியேற்றியது. இரண்டு பட்டியலிலும் வரக்கூடிய உஸ்கானுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது.

ஆனால் அதை அனுபவிக்க ரொம்ப நாள் இல்லை. 1751 ஜனவரி 15ல் இறந்துபோனார்.

உடல் வேப்பேரியில், இதயம் ஜூல்ஃபாவில்

வேப்பேரியில் அவர் ஆதரவில் இருந்த மாதா சிற்றாலயத்தின் வளாகத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள். அவரது விருப்பப்படி இதயத்தை மட்டும் தனியே எடுத்து, ஒரு பேழையில் வைத்து, பிறந்த ஊரான ஜூல்ஃபாவுக்கு அனுப்பினார்கள்.

அடுத்த வருஷமே, 1752ல், கம்பெனி அந்தச் சிற்றாலயத்தைக் கத்தோலிக்கர்களிடமிருந்து எடுத்து, புராட்டஸ்டன்ட் மிஷனரிகளிடம் கொடுத்துவிட்டது. அங்கே வந்து உட்கார்ந்தவர் ஜெர்மானியரான ஃபெப்ரீசியஸ். தமிழில் பைபிளை மொழிபெயர்த்தவர், 1779ல் தமிழ் அகராதி வெளியிட்டவர். 1761ல் புதுச்சேரியில் ஆங்கிலேயர் பிடித்த அச்சு இயந்திரமும் இவரிடம்தான் வந்தது. தமிழ் அச்சு வரலாற்றில் வேப்பேரி என்ற பெயர் அடிபடுவது இதனால்தான். அந்த இடம் இன்று செயின்ட் மத்தியாஸ் தேவாலயம். உஸ்கானின் கல்லறை இன்னமும் அங்கேதான் இருக்கிறது.

படி ஏற ஆசையா?

பெரியபாளையம், ஊத்துக்கோட்டை பக்கம் இருப்பவர்கள் பஸ்ஸில் கோயம்பேடு வந்து, அங்கிருந்து பச்சை வழித்தட மெட்ரோவில் கடைசி நிலையமான பரங்கிமலையில் இறங்கலாம். மலை மேல் வண்டி போக ரோடு உண்டு. படி வழியாகவும் ஏறலாம். ஏறும் வழி நெடுக சிலுவைப்பாதை நிலைகள் இருக்கும். தேவாலயத்துக்குள் 1547ல் கிடைத்த அந்தக் கல் சிலுவை பீடத்திலேயே பதிக்கப்பட்டிருக்கிறது. திரும்பும்போது நேரம் இருந்தால் சைதாப்பேட்டையில் இறங்கி, பாலத்துப் பக்கம் அந்த மூன்று மொழிக் கல்லையும் பார்த்துவிட்டு வரலாம்.