தமிழ்க் கீர்த்தனை தந்த பாபநாசம் சிவன்

மார்கழி மாதத்து வைகறையிலே சங்கும் சேமக்கலமும் முழங்கத் திருவெம்பாவை பாடி ஊரை வலம் வருதல் நம்மவர்க்குப் புதிதன்று. நமது வாலிபர் பலரும் அக்கூட்டத்திலே குளிரில் நடந்து பழகியவர்களே. அதே மாதத்தில், அதே வேளையில், சென்னை மயிலாப்பூரிலே கபாலீசுவரர் கோயிலின் மாட வீதிகள் நான்கிலும் ஆண்டுதோறும் பாடி நடந்த குடும்பஸ்தர் ஒருவரின் வரலாற்றை இம்மலரிலே கூற விரும்புகின்றோம். அவரே பாபநாசம் சிவன்.

1890ஆம் ஆண்டு செப்டெம்பர் 26ஆந் திகதி, தஞ்சை மாவட்டத்துப் போலகம் என்னும் சிற்றூரிலே, இராமாமிர்த ஐயருக்கும் யோகாம்பாள் அம்மையாருக்கும் மகனாக அவர் தோன்றினார். இட்ட பெயர் இராமசர்மன். வீட்டார் அழைத்தது இராமையா என்று. ஏழாவது வயதிலே தந்தையாரை இழந்தார். ஆதரவற்று நின்ற அன்னையார் 1899இல் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு திருவனந்தபுரம் சென்றார். அந்நாளிலே திருவிதாங்கூர் மன்னர்கள் அந்தணர்க்கு ஊட்டுப்புரைகள் நடாத்தியதோடு வடமொழிக் கல்லூரி ஒன்றையும் பேணி வந்தனர். ஆகவே வறிய அக்குடும்பத்திற்கு அந்நகர் புகலிடமாயிற்று. இராமையா மலையாளம் கற்றார். வடமொழியில் வியாகரணம் பயின்று பட்டமும் பெற்றார். நூரணி மகாதேவ பாகவதர், சாம்ப பாகவதர் ஆகியோரிடம் சங்கீதப் பயிற்சி பெற்றார். எனினும் அவர் உள்ளத்தை உருக்கியவை நீலகண்ட சிவன் என்னும் அடியாரின் தமிழ்ப் பாடல்களே. பின்னாளிலே அவர் பாட்டுக் கட்டிய வகையிற் பாடசாலையைக் காட்டிலும் இப்பசனைப் பாட்டுக்களே மிகுதியும் தெரிகின்றன என்பது எமது எண்ணம்.

1910இல் அன்னையாரும் மறைந்தார். அதன்பின் வீடு என்று ஒன்றில்லாமல் கோயில் கோயிலாகச் சென்று பாடித் திரிந்தார். தமையனார் அக்காலத்தில் பாபநாசத்தில் இருந்தார். (திருநெல்வேலிப் பாபநாசத்தை நினைப்போர் உளர், இது கும்பகோணத்துக்கு அண்மையிலுள்ள பாபநாசம்.) மேனியெங்கும் வெண்ணீறு பூசி, வாயெல்லாம் பாட்டாக வந்து போன இளைஞரை அயலூரார் சிவன் என்றே அழைக்கத் தொடங்கினர். ஊர்ப் பெயரும் அதனோடு சேர்ந்துகொண்டது. ஆனாற் பாட்டிலே அவர் வைத்த முத்திரை இராமதாசன் என்பதாகும். உலகம் சிவன் என்று கூப்பிட, அவர் தம்மை இராமனுக்கு அடியான் என்று எழுதிக்கொண்டார்.

1918இல் திருவையாற்றுத் தியாகராஜ ஆராதனையிலே அவரது கச்சேரி அரங்கேறிற்று. மணம் முடித்தார், மக்களும் பிறந்தனர். பசனை பாடுவோர்க்குச் சம்பளம் ஏது? குடும்பத்தைத் தாங்க வேண்டிய கடமையை அவர் தட்டிக் கழிக்கவில்லை. சென்னைக்குக் குடிபெயர்ந்தார்; கலாக்ஷேத்திரத்திலே சில காலம் இசை கற்பித்தார்; சினிமாவுக்கும் பாட்டெழுதினார். 1934இல் வெளியான சீதா கல்யாணம் தொடங்கி, அசோக்குமார், சிவகவி, ஹரிதாஸ் என்று எத்தனையோ படங்களில் அவர் பாட்டு ஒலித்தது. எம். கே. தியாகராஜ பாகவதரின் குரலிலே இலங்கை வானொலியிற் கேட்டு நம் மூத்தோர் மனப்பாடம் செய்த பாட்டுக்களிற் பல சிவன் இயற்றியவை. பாகவதரை அறிந்த அளவுக்குப் பாட்டை ஆக்கியவரை நாம் அறிந்தோமா என்பது வேறு. கோயிலிலே பாடியவர் கொட்டகைக்குப் பாட்டெழுதலாமா என்று முகஞ் சுளிப்போர் இன்றும் இருக்கின்றனர். எமக்கு அதிலே குறை தெரியவில்லை. மனைவி மக்களைப் பட்டினி போட்டுவிட்டுப் பாடும் பசனை எந்தத் தெய்வத்துக்கும் உகந்ததாயிராது. அன்றியும், நல்ல இராகத்தை நாற்சந்திக்குக் கொண்டு வந்தவை அந்தப் படப் பாட்டுக்கள் அல்லவா?

அவர் தாமே நடிக்கவும் செய்தார். பக்த குசேலாவில் (1936) வறிய குசேலராக வந்தார். ஆயினும் நாம் இங்கே நின்று பேச வேண்டியது தியாகபூமியைப் பற்றியே. கல்கி எழுதிய கதை, கே. சுப்பிரமணியம் எடுத்த படம், ஆண்டு 1939. புயலிலே குடிசையிழந்த அரிசன மக்களுக்கு இடங்கொடுத்தமையால் ஊராரால் ஒதுக்கப்பட்ட சம்பு சாஸ்திரியாகச் சிவன் நடித்தார். ஆசாரம் மிக்க குடும்பத்திலே பிறந்து, வேதமொழி கற்ற ஒருவர் அந்த வேடத்தை ஏற்றது அக்காலத்தில் எளிய காரியமன்று. மறு ஆண்டிலே ஆங்கில அரசு படத்தைத் தடை செய்தது. நமது நாட்டிலே, 1968இலுங்கூட, மாவிட்டபுரத்துக் கோயில் வாசலிலே உள்ளே செல்ல உரிமை கேட்டு மக்கள் அமர்ந்திருக்க வேண்டியிருந்ததை மூத்தோர் மறந்திரார். சம்பு சாஸ்திரியைப் படத்திலே கண்டு கண்ணீர் விட்டவர்கள் அன்று எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதை அவரவர் மனமே அறியும்.

இனி, தமிழுக்கு அவர் செய்த தொண்டு. அந்நாளிற் கச்சேரி மேடையிலே தெலுங்குக் கீர்த்தனைகளும் வடமொழிக் கீர்த்தனைகளுமே முதலிடம் பெற்றிருந்தன. தமிழ்ப் பாட்டுக்குக் கிடைத்தது கச்சேரி முடியுந் தறுவாயிற் சில நிமிடங்களே. இதனை மாற்ற வேண்டும் என்று 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே மாநாடு கூடிற்று. 1943இற் சென்னையிலே தமிழிசைச் சங்கம் எழுந்தது. எதிர்ப்பும் பலமாகவே இருந்தது. மேடையிற் பாடுவதற்குப் போதிய கனமான உருப்படிகள் தமிழில் உண்டா என்று சிலர் கேட்டனர். சிவனின் கீர்த்தன மாலை 1934இலேயே, அதாவது அம்மாநாட்டுக்கு ஏழாண்டு முன்னரே, வெளிவந்திருந்தது. அதிலே பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற கட்டுக் குலையாமல், பெரிய இராகங்களின் முழு வடிவமும் தெரிய, படித்தவரும் பாமரரும் விளங்கும் தமிழிலே கீர்த்தனைகள் இருந்தன. அவர் எவரோடும் வாதாடப் போகவில்லை. வடமொழியை வெறுக்கவுமில்லை, அதிலும் பாடல் இயற்றியவர் அவர். டி. கே. பட்டம்மாள் அவரிடமே பாடல்கள் பாடங் கேட்டார். மதுரை மணி ஐயர் அவர் பாட்டுக்களை மேடையிலே பாடிச் சபையை ஆட்கொண்டார். மேடையிலே தமிழுக்கு இடம் பிறந்தது. மக்கள் அவரைத் தமிழ்த் தியாகையர் என்று போற்றினர்.

இத்தனைக்கும் நடுவிலே மாட வீதியை அவர் விடவில்லை. மார்கழி வந்தால் விடியுமுன் எழுந்து, பின்னே வருவோர் வாங்கிப் பாடத் தாம் முன்னே பாடிச் செல்வார். அங்கே நுழைவுச் சீட்டு இல்லை, முன்வரிசை ஆசனமும் இல்லை. குரலுள்ளவரும் இல்லாதவரும் கூடவே நடந்தனர். பங்குனி உற்சவத்திலே கபாலீசுவரர் எழுந்தருளும் கோலத்தைக் கண்டு அவர் காம்போதியிலே பாடிய கீர்த்தனை இசையுலகிலே நிலைத்துவிட்டது. கற்பகாம்பாள் மீதும் மனமுருகிப் பல பாடினார். தெருவிலே பிறந்த பாட்டுக்களைத்தான் வித்துவான்கள் மேடைக்கு எடுத்துச் சென்றார்கள் என்று சொன்னாலும் பிழையாகாது.

பெரிய விருதுகள் பிந்தியே வந்தன. சென்னை சங்கீத வித்துவ சபையின் சங்கீத கலாநிதிப் பட்டம் 1971இற் கிடைத்தபோது அவருக்கு எண்பது கடந்திருந்தது. அடுத்த ஆண்டிலே இந்திய அரசு பத்மபூஷண் விருதளித்தது. 1973ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி, எண்பத்து மூன்றாவது வயதிலே, இறைவனடி சேர்ந்தார். தந்தையார் விட்டுச் சென்ற கீர்த்தனைகளை மகள் ருக்மிணி ரமணி மேடையிலே பாடியும் மாணவர்க்குக் கற்பித்தும் பரப்பினார். மார்கழிப் பசனையும் அவரோடு நின்றுவிடவில்லை. பிறர் முன்னே பாட, மயிலாப்பூரார் பின்னே நடந்தனர்.