ஒரே மனிதருக்கு 2 மாநிலங்களில் கல்லறை.. டேனியல் பூன் குடும்பத்தின் கதை தெரியுமா?

அமெரிக்காவில் டேனியல் பூனுக்கு கென்டக்கியில் ஒரு கல்லறை, மிசூரியில் ஒரு கல்லறை. ரெண்டு ஊர்க்காரர்களும் அவர் எங்க மண்ணுலதான் இருக்கார் என்கிறார்கள். 1775-ல் அப்பலாச்சியன் மலையைத் தாண்டி கென்டக்கிக்குப் பாதை வெட்டிய குழுவின் தலைவர் என்பதால் இவருக்கு இவ்வளவு கிராக்கி. ஆனால் அவருடைய குடும்பக் கதை இந்தப் பாதையை விட கரடுமுரடானது.

நெசவாளரின் மகன்

அப்பா ஸ்கொயர் பூன். (பட்டம் இல்லைங்க, பெயரே அதுதான்!) இங்கிலாந்தின் டெவன் பகுதி நெசவாளர். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். 1713-ல் பென்சில்வேனியாவுக்கு வந்தார். வேல்ஸ் வம்சாவளியைச் சேர்ந்த சாரா மார்கனைத் திருமணம் செய்தார். 11 பிள்ளைகள். 1734-ல் பிறந்த டேனியல் 6-வது.

பிரச்னை கல்யாணத்தில் வந்தது. 1742-ல் மூத்த மகள் சபைக்கு வெளியே ஒருவரை மணந்தார். பெற்றோர் சபை முன்பு மன்னிப்புக் கேட்டார்கள். 1747-ல் மூத்த மகன் இஸ்ரேலும் அதையே செய்ய, இந்த முறை ஸ்கொயர் மகன் பக்கம் நின்றுவிட்டார். சபை அவரை விலக்கி வைத்தது. ஆனால் சாரா சின்னப் பிள்ளைகளோடு சபைக் கூட்டத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். 1750-ல் குடும்பமே நிலத்தை விற்றுவிட்டு வடக்கு கரோலினாவுக்குக் கிளம்பியது.

மண்ணுக்குக் கொடுத்த விலை

1756-ல் டேனியல் ரெபேக்கா பிரையனை மணந்தார். 10 பிள்ளைகள். மாதக்கணக்கில் வேட்டைக்குப் போய்விடுவார். வீட்டைச் சுமந்தது ரெபேக்காதான். அவர் இல்லாத காலத்தில் உருவான குழந்தைதான் மகள் ஜெமைமா, உண்மையான தகப்பன் டேனியலின் தம்பி என்று ஒரு வதந்தி இன்றுவரை சுற்றுகிறது. நிரூபிக்க முடியாத கதை.

1773-ல் குடும்பத்தோடு கென்டக்கிக்குக் கிளம்பியபோது, 16 வயது மகன் ஜேம்ஸ் வழியிலேயே கொல்லப்பட்டான். பயணம் பாதியில் நின்றது. தாக்கியவர்கள் பூர்வகுடிகள். ஏன் தாக்கினார்கள்? கென்டக்கி ஷானி மக்களின் வேட்டைக்காடு. 1768-ல் இரோக்வாய் மக்கள் பிரிட்டிஷாருடன் ஒப்பந்தம் போட்டு அதை விட்டுக்கொடுத்தார்கள். ஷானி மக்கள் அதை ஏற்கவே இல்லை. வேறொருவர் கையெழுத்துப் போட்டால் நம்ம வீடு போயிடுமா, அதுதான் அவர்கள் கேள்வி.

1776-ல் ஜெமைமா கடத்தப்பட்டார். துரத்திப்போய் மீட்டார் டேனியல். 1778-ல் அவரே ஷானிகளிடம் சிக்க, தலைவர் பிளாக்ஃபிஷ் அவரை மகனாகத் தத்தெடுத்து 'ஷெல்டோவீ', அதாவது பெரிய ஆமை, என்று பெயர் வைத்தார்! சில மாதங்களில் தப்பி வந்தார். அவர் செத்துட்டார்னு நினைத்து ரெபேக்கா கரோலினாவுக்கே திரும்பியிருந்தார். கோட்டையில் காத்திருந்தது ஜெமைமா மட்டும்தான். வதந்தி பேசியவர்கள் இதையும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

1782-ல் புளூ லிக்ஸ் சண்டையில் அப்பாவின் கண் முன்னாலேயே இன்னொரு மகன் இறந்தான். பெயர் இஸ்ரேல். அன்று ஸ்கொயர் விட்டுக்கொடுக்காத அதே பெயர்.

நிலமும் போச்சு

பட்டா குளறுபடிகளிலும் வழக்குகளிலும் கென்டக்கி நிலமெல்லாம் கைவிட்டுப் போனது. 1799-ல் ஸ்பெயின் வசமிருந்த மிசூரிக்குப் போனார். 1813-ல் ரெபேக்கா இறந்தார். 1820-ல், 85 வயதில், கடைசி மகன் நேதன் வீட்டில் டேனியலும் இறந்தார். இந்த வீட்டுக் கதைகளில் பல நமக்குத் தெரியக் காரணமே நேதன்தான். 1851-ல் லைமன் டிரேப்பர் என்ற ஆய்வாளர் நேதனிடமும் அவர் மனைவி ஆலிவிடமும் விரிவாகக் கேட்டு எழுதி வைத்தார்.

சரி, கல்லறையில் இருப்பது யார்?

1845-ல் கென்டக்கிக்காரர்கள் மிசூரி வந்து தம்பதியின் எலும்புகளைத் தோண்டி எடுத்து, தங்கள் தலைநகர் ஃபிராங்க்ஃபர்ட்டில் புதைத்தார்கள். தோண்டியதே வேற குழி என்பது மிசூரி தரப்பு வாதம். ரெபேக்காவுக்குப் பக்கத்தில் ஏற்கனவே வேறொருவரைப் புதைத்திருந்ததால், டேனியலைச் சற்றுத் தள்ளித்தான் வைத்தார்களாம். அந்த மண்டையோட்டின் அச்சு ஒன்று கென்டக்கியில் இருந்தது. 1983-ல் அதைப் பரிசோதித்த தடயவியல் மானுடவியலாளர், இது கறுப்பினத்தவருடையதாக இருக்கலாம் என்றார். அந்த மிசூரி இடுகாட்டில் அடிமைகளும் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அச்சை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது என்று மறுத்தவர்களும் உண்டு. ரெண்டு மாநிலமும் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.