நோன்பு இரவுகளின் புதிர்ப் பாட்டுக்காரர்

எண்பதுகளின் தொடக்கத்தில் துபாய், சார்ஜா, குவைத் என்று உழைக்கப் போன நம்மவர்களிடம் நோன்பு மாதத்து இரவுகளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பேரீச்சம்பழமும் கஞ்சியும் நினைவுக்கு வரும். அடுத்ததாக ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி நினைவுக்கு வரும். பெயர் சொல்லத் தெரியாது. ஒரு சின்ன உருவப் பெண் ஒவ்வொரு இரவும் வேறு வேறு உடுப்பில் வந்து ஆடுவாள், பாடுவாள், திடீரென்று விரலளவாகச் சுருங்குவாள், படத்துக்குள் புகுந்து மறைவாள். பெரிய பெரிய நடிகர்கள் கோமாளி வேடத்தில் வந்து போவார்கள். கடைசியில் ஒரு கேள்வி. அத்துடன் முடிந்துவிடும்.

அதற்குப் பெயர் ஃபவாஸீர், அதாவது புதிர்கள். எகிப்தியத் தொலைக்காட்சி தயாரித்து அரபுலகம் எங்கும் பார்க்கப்பட்டது. நோன்பு திறந்த பின் ஒரு புதிர் என்று முப்பது இரவுகள். முப்பது விடைகளையும் எழுதித் தபாலில் அனுப்பினால் பரிசு. ஆடிய பெண் நெல்லி. சுருக்கியும் பெருக்கியும் படத்தந்திரம் செய்தவர் இயக்குநர் ஃபஹ்மி அப்துல் ஹமீத். 1982இல் நெல்லியின் இடத்துக்குப் பச்சைக் கோட்டும் பெரிய சப்பாத்துமாக ஃபத்தூத்தா என்ற குள்ளன் வந்தான். அது நடிகர் சமீர் கானிம். 1985இல் ஷெரிஹான் வந்தார்.

ஒரு அறையில் எட்டுப் பேர் படுத்த எங்களுக்கு அரபு அவ்வளவாக ஓடாது. ஆனாலும் பார்த்தோம். 1981இன் நோன்பு யூலை முதல் வாரத்தில் தொடங்கியது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டிருந்தது. ஊர்க் கடிதங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. அந்த வருடம் நெல்லி கலியாணத் தரகியாக வந்து சிரிக்க வைத்தார். சிரித்துவிட்டு, சிரித்ததற்காக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசினோம். ஊர் எரியும்போது இதென்ன கூத்து என்று எழுந்து வெளியே போனவர்களும் எங்களில் உண்டு.

அந்தக் கூத்துக்குப் பாட்டும் புதிரும் எழுதியவர்களில் ஒருவர் சலாஹ் ஜாஹீன். அரபு நாடுகளில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. நாங்கள்தான் பல வருடங்கள் கழித்து அவருடைய கதையை அறிந்தோம்.

1930 டிசம்பர் 25இல் கெய்ரோவின் ஷுப்ரா பகுதியில் பிறந்தவர் அவர். தந்தை நீதிபதி. பாட்டனார் அஹ்மத் ஹில்மி, பிரித்தானியர் காலத்தில் எழுதியதற்காகச் சிறை சென்ற பத்திரிகையாளர். தந்தையின் விருப்பத்துக்காகச் சட்டம் படிக்கப் போன பிள்ளை, அதை முடிக்காமல் படம் வரையவும் பாட்டுக் கட்டவும் போய்விட்டார். கொழுத்த உடம்பு, உருண்டை முகம், எப்போதும் பகிடி. ரோஸ் அல் யூசுப், சபாஹ் அல் கைர் இதழ்களிலும் பிறகு அல் அஹ்ராம் நாளிதழிலும் அவர் வரைந்த கேலிச்சித்திரங்களை எகிப்து காலைத் தேநீரோடு பார்த்தது. இலக்கண அரபை விட்டுக் கெய்ரோத் தெருவின் பேச்சு மொழியில் கவிதை எழுதினார்.

1956இல் சூயஸ் கால்வாய்க்காக இஸ்ரேல், பிரித்தானியா, பிரான்ஸ் மூன்றும் எகிப்தைத் தாக்கியபோது அவருக்கு இன்னும் இருபத்தாறு வயது நிறையவில்லை. தன் ஆயுதத்தை விளித்து அவர் எழுதிய போர்ப்பாட்டுக்குக் கமால் அல் தவீல் இசையமைத்தார், உம்மு குல்தூம் பாடினார். 1960இல் அதன் இசை நாட்டின் தேசிய கீதமானது. 1965இலிருந்து ஈராக்கும் அதையே தன் கீதமாக வைத்திருந்தது. அடுத்து வந்த வருடங்களில் அப்துல் ஹலீம் ஹாஃபிஸ் பாடிய எழுச்சிப் பாடல்கள் பலவும் ஜாஹீனுடையவை. நாசரின் காலத்து நம்பிக்கைக்குச் சொல் கொடுத்தவர் அவர்.

1967 யூனில் ஆறு நாட்களில் அந்த நம்பிக்கை உடைந்தது. சினாய் போனது, பல்லாயிரம் வீரர்கள் திரும்பி வரவில்லை. வெல்லப் போகிறோம் என்று பாடியே மக்களை ஏமாற்றிவிட்டேனோ என்று ஜாஹீன் தன்னையே குற்றம் சாட்டிக்கொண்டார். அப்படியான பாடல்கள் எழுதுவதை நிறுத்தினார். மனச்சோர்வு அவரைப் பிடித்தது. சாகும்வரை முழுதாக விடவில்லை.

பிறகு அவர் கேளிக்கைக்குத் திரும்பினார். புதிர் எழுதுவது அவருக்குப் புதிதல்ல. எகிப்து வானொலியின் நோன்புப் புதிர்களை முன்பு எழுதியவர் பைரம் அல் துனிசி. பல வருடங்கள் நாடு கடத்தப்பட்டு வாழ்ந்த பெருங்கவிஞர் அவர். 1961இல் அவர் இறந்தபின் அந்த வேலை ஜாஹீனின் கைக்கு வந்தது. 1972இல் சுஆத் ஹுஸ்னி நடித்த ஸூஸூ படத்துக்குத் திரைக்கதையும் பாட்டும் எழுதினார். கெய்ரோவில் அது ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. போரின் கவிஞர் ஆட்டக்காரிக்குப் பாட்டு எழுதுகிறாரே என்று அறிஞர்கள் முகம் சுளித்தார்கள். அவர் நிறுத்தவில்லை. தொலைக்காட்சியில் நெல்லி ஆடத் தொடங்கியபின் அவருக்கும் எழுதினார். 1979இல் எகிப்து தேசிய கீதத்தை மாற்றியது. கீதத்துக்கு உரியவரின் வேடிக்கைப் பாட்டுகளோ நோன்பு தோறும் வீடுகளில் கேட்டுக்கொண்டிருந்தன.

இதை வீழ்ச்சி என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. 2009க்குப் பிறகு எங்களால் அப்படிச் சொல்ல முடியவில்லை. நம் வீடுகளிலும் எழுச்சிப் பாடல்கள் இருந்தன. அந்த மே மாதத்துக்குப் பிறகு அந்த ஒலிநாடாக்களை எடுத்துக் கேட்கவும் முடியாமல் எறியவும் முடியாமல் அலுமாரியில் வைத்தவர்கள் நாம். அவற்றை எழுதியவர்கள், பாடியவர்கள் சிலர் இன்றுவரை திரும்பவில்லை. பிள்ளைகளின் பிறந்தநாளுக்குப் பாட்டுப் போடவே தயங்கிய வீடுகள் எத்தனை. தோற்ற சனத்துக்குச் சிரிக்க உரிமை உண்டா என்ற கேள்வி ஜாஹீனுக்கு முன்னாலும் இருந்தது. அவர் விளக்கம் எழுதவில்லை, பாட்டு எழுதினார். தன் துக்கத்தைத் தன்னோடு வைத்துக்கொண்டு, பிள்ளைகள் விடை கண்டுபிடிக்கப் புதிர் போட்டார்.

1986 ஏப்ரல் 21இல், ஐம்பத்தைந்து வயதில் அவர் இறந்தார். மூன்று கிழமை கழித்து நோன்பு பிறந்தது. ஷெரிஹான் வழமைபோல் ஆடினார். வளைகுடா அறைகளில் நாங்கள் வழமைபோல் பார்த்தோம். அதற்குள் எங்களில் பலருக்குத் திரும்பிப் போக ஊர் பாதுகாப்பாக இல்லை. ஒப்பந்தம் முடிந்ததும் சிலர் ஜேர்மனிக்கும் சிலர் கனடாவுக்கும் வழி தேடினோம். ஒரு பாட்டுக்காரர் இறந்த செய்தி எங்கள் காதில் விழவேயில்லை.

இப்போது அந்தப் பழைய காட்சிகள் இணையத்தில் கிடைக்கின்றன. போன நோன்பில் பேரப்பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினோம். நெல்லி சுருங்கியதும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்ன பாடுகிறா என்று கேட்டார்கள். அது எங்களுக்கு இன்றும் விளங்காது. இப்படிப் பாட்டெழுதிய ஒருவரின் பெயரை மட்டும் இந்த முறை சொல்லிக் கொடுத்தோம்.