விளக்கேந்திய சீமாட்டியின் கணக்கு

மே 12 ஆம் திகதி உலகெங்கும் தாதியர் தினமாக நினைவுகூரப்படுவது அது புளோரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாள் என்பதனாலாகும். பாடசாலைப் புத்தகங்களில் அவர் கையில் விளக்குடன் நோயாளரின் கட்டில்களுக்கிடையே நடந்து செல்வார். அந்தச் சித்திரம் பொய்யல்ல. ஆனால் அவர் அவ்வாறு நடந்தது இரண்டு வருடங்களுக்கும் குறைவான காலமே. அதன் பின்னர் ஏறக்குறைய நாற்பது வருடங்கள் அவர் செய்தது வேறு வேலை. யார், எதனால், எத்தனை பேரில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று எண்ணி, அந்த எண்களை வைத்து அரசாங்கத்துக்கு ஆலோசனை சொன்னார். இன்று தொற்றுநோயியல் ஆலோசகர், மருத்துவத் தரவு ஆய்வாளர் என்று அழைக்கப்படுவோரின் தொழில் அது. அவர் அதைச் சம்பளமின்றி, பெரும்பாலும் நோயாளியாகக் கட்டிலில் இருந்தபடியே செய்தார்.

1820 இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் ஒரு செல்வந்த ஆங்கிலேயக் குடும்பத்தில் பிறந்தவர். ஊரின் பெயரே பிள்ளைக்கு வைக்கப்பட்டது. தந்தையே வீட்டில் பாடம் சொல்லிக் கொடுத்தார். மகள் கணிதம் படிக்க விரும்பியதும், தாதியாக விரும்பியதும் குடும்பத்துக்குப் பிடிக்கவில்லை. அக்காலத்தில் தாதி வேலை மரியாதைக்குரிய ஒன்றாகக் கருதப்படவில்லை.

கிரிமியா யுத்தத்தில் பிரித்தானியாவும் பிரான்சும் உஸ்மானியப் பேரரசின் பக்கம் நின்று ரஷ்யாவுடன் போரிட்டன. காயமடைந்த, நோயுற்ற பிரித்தானியப் படையினர் கப்பல்களில் கொண்டு வரப்பட்டது இஸ்தான்பூலின் ஆசியக் கரைக்கு. அங்குள்ள உஸ்குதாரில் உஸ்மானியர்களின் மாபெரும் செலிமிய்யே படைமுகாமே வைத்தியசாலையாக மாற்றப்பட்டிருந்தது. 1854 நவம்பரில் 38 பெண்களுடன் நைட்டிங்கேல் அங்கு போய்ச் சேர்ந்தார்.

துணி, உணவு, சவர்க்காரம், கட்டில் என இல்லாத எல்லாவற்றையும் அவர் தேடிப் பெற்றார். ஆனாலும் மரணங்கள் குறையவில்லை, கூடின. 1855 பெப்ரவரியில் சிகிச்சைக்கு வந்தோரில் 100 பேருக்கு ஏறத்தாழ 42 பேர் இறந்தனர். கட்டடத்தின் கீழே கழிவுநீர்க் கான்கள் அடைபட்டுக் கிடந்தன. மார்ச்சில் லண்டனிலிருந்து வந்த சுகாதார ஆணைக்குழு கான்களைக் கழுவி, நீர் வரும் வழியைச் சுத்தம் செய்து, காற்றோட்டத்துக்கு வழி செய்தது. சில மாதங்களில் மரண விகிதம் 100 க்கு 2 என்ற அளவுக்கு இறங்கியது. காரணத்தை நைட்டிங்கேல் அங்கேயே புரிந்துகொண்டாரா, நாடு திரும்பிக் கணக்குப் பார்த்த பிறகா என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் முரண்படுகிறார்கள். எப்படியானாலும், அந்தக் கணக்கை அவர் மறைக்கவில்லை. தன் சொந்த வைத்தியசாலையின் மரணங்களையே முதற் சான்றாக எடுத்து வைத்தார்.

1856 இல் நாடு திரும்பியபோது அவர் நாடறிந்த வீராங்கனை. ஆனால் அடுத்த வருடம் படையினரின் சுகாதாரம் பற்றி ஆராய அமைக்கப்பட்ட அரச ஆணைக்குழுவில் ஒரு பெண் அங்கத்தவராக இருக்க முடியாது. தலைவர் அவரது நண்பர் சிட்னி ஹேர்பர்ட். கேட்க வேண்டிய கேள்விகளைத் திரட்டியது, அட்டவணைகளை ஆயத்தம் செய்தது, நூற்றுக்கணக்கான பக்கங்களில் தனி அறிக்கை எழுதியது எல்லாம் நைட்டிங்கேல். கணக்கில் துணை நின்றவர், இங்கிலாந்தின் பிறப்பு இறப்புப் பதிவகத்தில் புள்ளிவிபரங்களைத் தொகுத்த வில்லியம் ஃபார்.

இருவரும் முதலில் மோதியது பதிவேடுகளுடன். ஒரே வைத்தியசாலையின் மரணங்களுக்கு வெவ்வேறு ஏடுகள் வெவ்வேறு எண்களைச் சொல்லின. சரிபார்த்தபோது தெரிந்தது, படையினரைக் கொன்றது பெரும்பாலும் ரஷ்யக் குண்டல்ல. வயிற்றோட்டம், கொலரா, காய்ச்சல் என்பன. அட்டவணைகளை அமைச்சர்கள் வாசிக்கமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். எனவே ஒரு வட்டத்தை மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டாக வகுத்தார். தடுத்திருக்கக்கூடிய நோய்களுக்கு நீலம், காயங்களுக்குச் சிவப்பு, ஏனையவற்றுக்குக் கறுப்பு. நீலம் ஏனைய இரண்டையும் விழுங்கி நின்றது. அதைவிட அதிர்ச்சியான ஒப்பீடும் இருந்தது: யுத்தமே இல்லாமல் இங்கிலாந்தின் படைமுகாம்களில் இருந்த இளம் சிப்பாய்கள், அதே வயதுச் சாதாரண ஆண்களைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் இறந்து கொண்டிருந்தனர். 1858 இல் லண்டன் புள்ளிவிபரச் சங்கம் அவரைத் தன் முதல் பெண் அங்கத்தவராக ஏற்றுக்கொண்டது.

அவர் தவறாதவர் என்று சொல்ல வரவில்லை. 1863 இல் வெளியான வைத்தியசாலைகள் பற்றிய நூற்பதிப்பில், ஃபாரின் கணக்கைப் பின்பற்றி லண்டன் வைத்தியசாலைகளின் மரண விகிதம் 90 சதவீதத்துக்கும் மேல் என எழுதினார். வருடம் முழுவதும் இறந்தோரின் தொகையை, ஒரே ஒரு நாளில் கட்டிலில் இருந்தோரின் தொகையால் வகுத்ததன் விளைவு அது. வைத்தியர்கள் கடுமையாக எதிர்த்தனர். அந்த எதிர்ப்பு நியாயமானதே. எதை எதனால் வகுப்பது என்பதுதான் இத்துறையில் இன்றும் சண்டை.

இந்தியாவுக்கு அவர் ஒருநாளும் போனதில்லை. எனினும் அங்குள்ள படைமுகாம்களுக்கெல்லாம் வினாக்கொத்து அனுப்பச் செய்து, வந்த பதில்களைப் படித்தார். அங்கு பிரித்தானியப் படையினரின் மரணம் வருடத்துக்கு 1000 க்கு 69 ஆக இருந்தது. பத்து வருடச் சுகாதாரச் சீர்திருத்தத்தின் பின், 1873 இல் அது 18. அதே காலத்தில் குடியேற்ற நாடுகளின் பாடசாலைகளிலும் வைத்தியசாலைகளிலும் சுதேசிகள் எந்த விகிதத்தில் நோயுற்று இறக்கிறார்கள் என்றும் கேட்டார். 1863 இல் வந்த அந்த அறிக்கையில் இலங்கையும் உண்டு. கிடைத்த விபரங்கள் எவ்வளவு குறைபாடானவை என்பதையும் அதிலேயே குறிப்பிட்டார். நம் தீவின் நோயாளரை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று லண்டனில் ஒரு கட்டிலிலிருந்து ஒருவர் கேட்டது நமக்கு அதிகம் சொல்லப்படாத செய்தி.

முதுமையில், 1891 இல், நிர்வாகம் செய்வோர் எண்களைப் பயன்படுத்தக் கற்க ஒக்ஸ்போர்டில் ஒரு பேராசிரியர் பதவி அமைக்க முயன்றார். அது கைகூடவில்லை. 1910 ஓகஸ்ட் 13 இல், 90 வயதில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்ய முன்வந்ததைக் குடும்பத்தினர் ஏற்கவில்லை. ஹாம்ப்ஷயரின் ஒரு சிறு கிராமத்தில், பெயரின் முதலெழுத்துகளும் பிறந்த, இறந்த திகதிகளும் மட்டும் பொறித்த கல்லின் கீழ் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.