பேராசிரியர் டானியேல்

இரண்டு உலோகங்களையும் இரண்டு கரைசல்களையும் கொண்டு மின்சாரம் பிறப்பிக்கும் டானியேல் கலத்தை இரசாயனக் கூடத்திற் காணாத மாணவர் நம்முள் அரியர். அதற்குத் தம் பெயரை ஈந்த ஜான் பிரெடெரிக் டானியேலின் வரலாற்றை அறிந்தாரோ அவரினும் அரியர்.

இவர் 1790-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 12-ஆம் நாள் இலண்டன் மாநகரில் வழக்கறிஞர் ஒருவரின் புதல்வராய்ப் பிறந்தார். இல்லத்திலேயே பண்டை மொழி இலக்கியங்களைப் பயின்றார். தமிழ் பயிலும் எமக்கு இச்செய்தி பெரிதும் உவப்பளித்ததென்பதை யாம் மறைக்கமாட்டோம். பின்னர் உறவினர் ஒருவரின் சர்க்கரை ஆலையில் தொழில் புரிந்தார். இருபத்து மூன்றாம் வயதில் ராயல் சொசைட்டியின் அங்கத்தினரானார். 1820-இல் காற்றின் ஈரத்தை அளக்கும் கருவியொன்றை அமைத்தார். 1831-இல் இலண்டன் கிங்ஸ் கல்லூரியின் முதல் இரசாயனப் பேராசிரியராய் அமர்ந்தார்.

1800-இல் வோல்ட்டா என்னும் இத்தாலியர் தாம் கண்ட மின்னடுக்கை உலகிற்கு அறிவித்திருந்தார். எனினும் அவ்வழியிற் செய்த கலங்கள் தொடக்கத்தில் வலிமையுடன் மின்சாரம் தந்து, சிறிது நேரத்தில் சோர்ந்துவிடும். தாமிரத்தகட்டின்மேல் ஹைட்ரஜன் குமிழிகள் திரண்டு மின்னோட்டத்தைத் தடுத்தலே அதற்குக் காரணம். இக்குமிழிகளை ஒழித்தற்கு டானியேல் கண்ட வழி மிக எளியது. தாமிரப் பாத்திரத்தில் மயில்துத்தக் கரைசலை நிரப்பினார். அதனுள் எருதின் உணவுக்குழலைத் தொங்கவிட்டு, நீர் கலந்த கந்தகத் திராவகத்தையும், பாதரசம் பூசிய துத்தநாகக் கோலையும் அக்குழலினுள் இட்டார். தாமிரத்தின்மேல் இப்பொழுது வாயு எழவில்லை, தாமிரமே படிந்தது. மின்சாரம் குன்றாது நின்றது. இது நிகழ்ந்தது 1836-இல். மறு ஆண்டே காப்லி பதக்கம் அவருக்கு அளிக்கப்பெற்றது.

அத்தோல் செய்த வேலை யாது? மயில்துத்தக் கரைசலில் துத்தநாகத்தை நேரே இட்டால் தாமிரம் அதன்மேலேயே படிந்துவிடும். சிறிது வெப்பமன்றிப் பயன் வேறில்லை. இடையே தடுப்பு நின்றால் ஒரு வினை இரண்டு அரைவினைகளாய்ப் பிரிகின்றது. ஒருபுறம் துத்தநாக அணு இரண்டு எலெக்ட்ரான்களை இழந்து கரைகின்றது. அவை கம்பி வழியே மறுபுறம் சென்று தாமிர அயனியைச் சேர, அது உலோகமாய்ப் படிகின்றது. மின்னேற்றம் சமன்படுமாறு அயனிகள் மட்டும் தடுப்பினூடே மெல்லச் செல்கின்றன. துத்தநாகப் பகுதியில் துத்தநாக அயனியும், தாமிரப் பகுதியில் தாமிர அயனியும் லிட்டருக்கு ஒரு மோல் வீதம் இருக்க, வெப்பம் 25 பாகை சென்டிகிரேடாக நிற்பதே நாம் கணக்கிடும் திட்ட நிலை. அந்நிலையில் ஹைட்ரஜன் மின்வாயை நோக்கத் தாமிரத்தின் அழுத்தம் +0.34 வோல்ட்டு, துத்தநாகத்தினது −0.76. இவற்றின் வேறுபாடாகிய 1.10 வோல்ட்டே கலத்தின் மின்னியக்கு விசை. எலெக்ட்ரான் 1897-இலேதான் கண்டறியப்பட்டது. அதன் பெயரும் அறியாத காலத்தில் டானியேல் இவ்விரு பாதிகளையும் கையாற் பிரித்துவைத்தமை எமக்கு இன்றும் வியப்பே.

எருதின் குழலுக்குப் பதிலாகப் பின்னர் நுண்துளை மட்கலம் வந்தது. தந்தி நிலையங்கள் இக்கலங்களை நாடின. டானியேலோ 1845-ஆம் ஆண்டு மார்ச்சு 13-ஆம் நாள், தம் ஐம்பத்தைந்தாம் பிறந்தநாளின் மறுநாள், ராயல் சொசைட்டியின் ஆலோசனைச் சபையில் அமர்ந்திருக்கையில் திடீரென நோயுற்று, அங்கேயே உயிர் நீத்தார்.