நோவில்லாத நாளை அறியாத பாஸ்கல்

ஓயாத தலையிடியால் வருந்தும் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவருடைய பெரிய துன்பம் எதுவென்று நீங்கள் அறிவீர்கள். காய்ச்சல் இல்லை, காயம் இல்லை, வீக்கம் இல்லை. ஆகவே அவர் சொல்வதை நம்புவாரும் இல்லை. கணிதத்திலும் பௌதிகத்திலும் பெயர் விளங்கும் பிரெஞ்சு மேதை பிளேஸ் பாஸ்கல் இத்தகைய நோயாளியே.

1623ஆம் ஆண்டு யூன் 19ந் திகதி கிளெர்மோன் நகரிற் பிறந்தவர், மூன்று வயதிலே தாயை இழந்தார். தந்தையார் ரூவான் நகரில் அரசாங்க வரிக்கணக்கோடு மல்லாடுவதைக் கண்டு, 1642இல் கூட்டவும் கழிக்கவும் வல்ல பொறியொன்றை அமைக்கத் தொடங்கினார். ஐம்பதுக்கு மேற்பட்ட மாதிரிகளைச் செய்து பார்த்த பின்பே அது அவருக்குத் திருப்தி அளித்தது. அந்த உழைப்பிலே உடல் உடைந்தது என்பது தமக்கையார் கில்பேர்த்தின் துணிபு. பதினெட்டு வயதுக்குப் பின் நோவில்லாத ஒரு நாளையும் தாம் கண்டதில்லை என்று பாஸ்கல் சொல்வாராம்.

1647இல், இருபத்துநான்கு வயதிலே, நோய் முற்றியது. தாங்கவொண்ணாத தலையிடி, குடலில் எரிவு, ஊன்றுகோலின்றி நடக்க முடியாத கால்கள். பளிங்குபோற் குளிர்ந்த பாதங்களைச் சூடாக்கப் பிராந்தியில் நனைத்த காலுறைகளை அணிவித்தார்கள். எதையும் இளஞ்சூடாக, துளித்துளியாகவே அவரால் விழுங்க முடிந்தது. இந்த நிலையிலுள்ளவருக்கு வைத்தியர்கள் என்ன கட்டளையிட்டார்கள் தெரியுமா? மூன்று மாதங்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் பேதி மருந்து! அந்தக் கசப்பையும் அவர் துளித்துளியாகவே குடித்தார். பார்த்து நின்றவர்களுக்கே வயிற்றைப் புரட்டியது. அவரோ முணுமுணுக்கவில்லை.

அவ்வாண்டு செப்தெம்பரில் தத்துவஞானி டெகார்ட் நேரில் வந்து பார்த்தார். அலுக்கும் வரை படுக்கையில் கிடந்து, நல்ல இறைச்சி ரசம் குடிக்கும்படி ஆலோசனை சொல்லிப் போனார். பேதி மருந்தைவிட இது எவ்வளவோ மேல்.

மூளைக்கு வேலை கொடுக்கவே கூடாது என்பது வைத்தியர்களின் மற்றொரு கட்டளை. அதை மட்டும் அவரால் நெடுநாள் கைக்கொள்ள இயலவில்லை. 1648இல், கிளெர்மோனில் வசித்த தமக்கையின் கணவரைப் புய்-த-டோம் மலைக்கு இரசக் குழாயோடு ஏறச் செய்து, உயரம் கூடக் காற்றின் அழுத்தம் குறைவதை உலகுக்குக் காட்டினார். 1658இல் ஓரிரவு பல்வலியால் உறக்கமின்றிக் கிடந்தபோது, உருளும் சக்கரத்தின் ஒரு புள்ளி வரையும் வளைகோட்டைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கினார். வலி மறந்தே போயிற்று. எல்லா நோயாளருக்கும் இது பலிக்கும் என்று நான் சொல்லமாட்டேன்.

மருந்துகள் கைவிட்டபின் அவர் எழுதியதே நோயை நன்கு பயன்படுத்த வரம் கேட்கும் செபம். நோயை எடுத்துவிடும்படி அதில் அவர் மன்றாடவில்லை. நோயும் நலமும் எது தமக்கு ஏற்றதென்று இறைவனுக்கே தெரியும் என்று விட்டுவிடுகிறார். இதற்காக அவர் வைத்தியரை ஒதுக்கிவிடவுமில்லை. 1660இல், தடியின்றி நடக்கவோ குதிரையேறவோ இயலாதவராய், பாரிஸிலிருந்து கிளெர்மோன் போய்ச் சேர இருபத்திரண்டு நாட்கள் எடுத்தபோதும், பூர்போன் ஊற்றுநீரை நாடும்படி வைத்தியர் சொன்னதாக நண்பர் பெர்மாவுக்கு எழுதினார்.

யான்செனியரோடு சேர்ந்து அவர் நடத்திய எழுத்துப் போரையும், 1657இல் றோமாபுரி அந்நூலைத் தடைசெய்ததையும் இங்கே விரிக்கவில்லை. தலையிடி விட்ட நேரங்களில் துண்டுக் காகிதங்களில் அவர் குறித்து வைத்தவையே, 1670இல் 'சிந்தனைகள்' என்ற நூலாயின. அவர் பிறந்து நானூறு ஆண்டு நிறைந்த 2023இல் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் பற்றித் திருமடலே வரைந்தார்.

1662இல் பாரிஸ் மக்கள் ஐந்து சூ காசுக்கு ஏறிச்செல்லும் பொதுக் குதிரைவண்டிகளை ஓடச் செய்தார். அவ்வாண்டே, அவர் வீட்டிலே தங்க வைத்திருந்த ஏழைக் குடும்பத்தின் பிள்ளைக்குப் பெரியம்மை கண்டது. பிள்ளையை வெளியேற்ற மனமின்றி, மரணப்படுக்கையை நெருங்கியிருந்த தாமே தமக்கையின் வீட்டுக்குப் பெயர்ந்தார்.

அங்கே தலையிடி பெரிதும் கூடியது. காய்ச்சல் இல்லாதபடியால் ஆபத்தில்லை என்றார்கள் வைத்தியர்கள். ஊற்றுநீர் குடித்த ஆவியே காரணமாம். நற்கருணை கேட்டார், அவசரமில்லை என்று தள்ளிப் போட்டார்கள். அப்படியாயின் ஏழை நோயாளி ஒருவரைக் கொண்டுவந்து, தமக்குச் செய்யும் பணிவிடை அனைத்தையும் அவருக்கும் செய்யுங்கள் என்றார். அசைக்கக்கூடிய நிலையில் எவரும் கிடைக்கவில்லை. தீராத நோயாளர் வைத்தியசாலையில் ஏழைகளிடையே சாகவேனும் விடும்படி கேட்டார், அதற்கும் இணங்கவில்லை.

ஓகஸ்டு 17ந் திகதி இரவு கடும் வலிப்புக் கண்டது. இறந்தார் என்றே நினைத்தார்கள். ஆனால் தெளிவு திரும்பியது; பங்குக் குரவர் பெரியே நற்கருணையோடு உள்ளே வந்தார். பாதி எழுந்து அதைப் பெற்றுக்கொண்டு, 19ந் திகதி அதிகாலை ஒரு மணிக்கு, முப்பத்தொன்பதாம் வயதில் உயிர்நீத்தார்.

உடலை அறுத்துப் பார்த்தார்கள். மண்டையோட்டின் உட்புறத்தில், மெழுகில் விரலால் அழுத்தியதுபோல் இரு பள்ளங்கள். அவை நிறைய உறைந்து கெட்ட இரத்தம். அது ஒற்றைத் தலையிடியா, வேறு நோயா என்று வைத்தியர்கள் இன்றும் ஆராய்கிறார்கள்.