கொடியை இறக்க மறுத்த காவலர்

ஐக்கிய அரபு எமிரேட்ஸில் வேலை செய்த எம்மவர் எல்லோருக்கும் டிசம்பர் 2 தேசிய தின விடுமுறை தெரியும். அதற்கு இரண்டு நாள் முன்னதாக வரும் நவம்பர் 30, அந்நாட்டின் தியாகிகளை நினைவுகூரும் நாள். அந்தத் திகதிக்குக் காரணமானவர் சாலிம் சுஹைல் பின் கமீஸ் என்ற இளம் காவலர்.

ராஸ் அல் கைமாவில் பிறந்த சாலிம், இளவயதிலேயே அங்குள்ள காவல்துறையில் சேர்ந்தார். 1971இல் பெரிய துன்ப் தீவில் இருந்த ஆறு பேர் கொண்ட சிறு காவல் பிரிவுக்கு அவரே பொறுப்பாளர். அப்போது அவருக்கு வயது சுமார் 20. ஹோர்முஸ் நீரிணைக்கு அருகே, எண்ணெய்க் கப்பல்கள் செல்லும் வழியில் இருப்பதால் அந்தத் தீவின் மேல் ஈரானின் ஷா மன்னருக்குக் கண் இருந்தது. பிரித்தானியர் வளைகுடாவை விட்டு வெளியேறிக்கொண்டிருந்த நேரம் அது.

நவம்பர் 30 அதிகாலை ஈரானியப் படை தீவில் இறங்கியது. ராஸ் அல் கைமாவின் கொடியை இறக்கச் சொன்னார்கள். சாலிம் மறுத்தார், சுட்டுக் கொல்லப்பட்டார். தீவில் வாழ்ந்த மக்கள் ஊரை விட்டு ராஸ் அல் கைமாவுக்கு வர நேர்ந்தது.

இரண்டு நாள் கழித்தே ஐக்கிய அரபு எமிரேட்ஸ் உருவானது. ராஸ் அல் கைமா அதில் இணைந்தது 1972 பெப்ரவரியில். தான் கண்ணால் காணாத நாட்டின் முதல் தியாகியானார் சாலிம். அவர் விழுந்த தீவு இன்றும் ஈரானின் கையில். அங்கே அவருக்கு ஒரு கல் நாட்டவும் வழியில்லை.

யேமன் போரில் படையினர் உயிரிழந்துகொண்டிருந்த 2015இல், ஜனாதிபதி ஷேக் கலீஃபா சாலிம் இறந்த நாளையே எல்லாத் தியாகிகளுக்கும் உரிய நாளாக அறிவித்தார். அன்று காலை கொடிகள் அரைக்கம்பத்தில் பறக்கும். முற்பகலில் ஒரு நிமிட மௌனப் பிரார்த்தனை. பின்பு தேசிய கீதம் ஒலிக்கக் கொடி மீண்டும் உச்சிக்கு ஏறும். எகிப்திய இசையமைப்பாளர் ஒருவர் அமைத்த மெட்டு அது. பல ஆண்டுகள் சொற்களின்றி இசையாக மட்டுமே ஒலித்தது. கொடியை இறக்க மறுத்தவருக்காக, ஆண்டில் ஒருநாள் கொடியைத் தாமே தாழ்த்தி இசையோடு ஏற்றுகிறார்கள். அபுதாபியில் 2016இல் திறக்கப்பட்ட வாஹத் அல் கராமா நினைவிடத்தில், ஒன்றில் ஒன்று சாய்ந்து நிற்கும் 31 பெரும் பலகைகளைக் காணலாம்.

எங்கள் நவம்பர் 27உம் இப்படி வந்ததே. 1982இல் அந்த நாளில் வீழ்ந்த முதற்போராளி சங்கரின் நினைவாகவே 1989இலிருந்து மாவீரர் நாள் நடக்கிறது. துயிலும் இல்லங்கள் இடித்துத் தள்ளப்பட்டன. ஆனாலும் மாலை 6.05க்கு மணியொலி, 6.06க்கு அகவணக்கம், 6.07க்குப் பாடலோடு ஈகைச்சுடர் என்ற ஒழுங்கை எந்த இயந்திரத்தாலும் இடிக்க முடியவில்லை. கல்லறைக்குப் போக முடியாதவர்கள் அந்த மூன்று நிமிடங்களுக்குள் போய்வருகிறார்கள்.

புலம்பெயர்ந்த மண்ணில் பிறந்த பிள்ளைகளுக்குச் சுடரேற்றும் முறை தெரியும். சங்கர் யார், அந்தத் திகதி ஏன் என்று கேட்டால் பலர் விழிக்கிறார்கள். மணி ஒலிக்குமுன் வீட்டில் அதையும் சொல்லிக்கொடுப்போம்.